21 மணி நேரம் தாங்குமா 14 வயது உடம்பு?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வயது 14. வாரத்தில் ஆறு நாள் காலை ஐந்தரை முதல் ஏழு வரை மல்யுத்தப் பயிற்சி. பள்ளிக் கபடி அணிக்காக ஐந்து நாள் மாலையில் இரண்டு மணி நேரம். ஞாயிறு காலை 400 மீட்டர் ஓட்டத்துக்காக மெரினாவில் இரண்டு மணி நேரம். "மல்யுத்தம் என்றால் 12 மாதமும் வர வேண்டும், கபடியை விட்டுவிடுங்கள்" என்கிறார் பயிற்சியாளர். பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டக் கபடிப் போட்டி நெருங்குவதால் உடற்கல்வி ஆசிரியரும் விட மறுக்கிறார். எடை கூடிவிடுமென்று இவன் இரவுச் சாப்பாட்டையும் குறைக்கிறான். எதை நிறுத்துவது?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: சகோதரி, முதலில் அவன் தட்டில் சோறு விழட்டும். மற்றதைப் பிறகு பேசுவோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இறுதிச் சுற்றுக்கு வந்தும், 100 கிராம் கூடுதல் எடையால் தகுதி இழந்தார். மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் இரவெல்லாம் கூடவே இருந்தும் அந்த 100 கிராம் குறையவில்லை. உங்கள் மகன் வளர்கிற பையன். இந்த ஆண்டு 48 கிலோ எடைப் பிரிவில் இறங்கினால் அடுத்த ஆண்டு 55-ல் இறங்கட்டும். அதில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது, பத்து, இரண்டு: மொத்தம் 21 மணி நேரம். ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை. வளரும் பிள்ளைகளின் வாரப் பயிற்சி நேரம் அவர்களின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் அளவு. இவனுக்கு 14 மணி நேரம்.

பதினேழு வயதில் நானும் இப்படித்தான் ஓடினேன். சனிக்கிழமை 400 மீட்டர், மறுநாள் மல்யுத்தம். மூச்சு வாங்கவில்லை, ஆனால் கால் ஒரு நொடி தாமதமாக நகர்ந்தது. எதிராளி காலை வாரினான், கையை ஊன்றி விழுந்தேன், வலது தோள் நழுவியது. 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க இடது கையைத்தான் நீட்டுகிறேன்.

ஆனாலும் கபடியை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடி வருபவனின் கணுக்காலைச் சட்டென்று பிடிக்கும் கைக்கும், இடுப்பைத் தாழ்த்திப் பாய்ந்து எதிராளியின் காலை எடுக்கும் கைக்கும் ஒரே பழக்கம்தான் வேண்டும். கபடி ஆடியவன் மல்யுத்த விரிப்பில் ஏறினால் கண் முந்திக்கொள்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மண் தரையில் முட்டி சிராய்த்தால் சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டிய பிறகே விரிப்பில் ஏறட்டும். படர்தாமரை வந்திருந்தால் ஆறும்வரை ஏறவே கூடாது. ஒருவனிடமிருந்து குழு முழுக்கப் பரவிவிடும்.

குறுவட்டம் முடியும்வரை மல்யுத்தம் செவ்வாய், வியாழன், சனி மட்டும். அந்த நாள்களில் பிடிகளைப் பழகினால் போதும், முழு ஆட்டம் வேண்டாம். கபடி நான்கு நாள். மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். ஓட்டத்தை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். அவனுக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

கபடி ஓய்ந்ததும் மல்யுத்தத்தை ஐந்து நாளாக்கலாம். பிடியும் கழுத்து வலுவும் விட்டால் குறையும் என்பதால் பயிற்சியாளர் 12 மாதம் கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த ஒரு விளையாட்டிலிருந்தும் ஆண்டில் மொத்தம் மூன்று மாத இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பின் பரிந்துரை. அதில் ஒரு மாதமாக, முழுத் தேர்வு முடிந்ததும் மே மாதம் மல்யுத்த விரிப்பின் பக்கமே போக வேண்டாம். அந்தக் கத்திரி வெயிலில் நீச்சல் போதும்.

இரண்டு ஆசிரியர்களிடமும் "முடியாது" என்று சொல்லும் வேலையை அவன் தலையில் வைக்காதீர்கள். 14 வயதுப் பையனால் அது ஆகாது. நீங்களே நேரில் போய், இந்த அட்டவணையை எழுதி ஆளுக்கு ஒரு நகல் கொடுங்கள். இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை யாரும் எழுப்ப வேண்டாம்.