ஆய்வு ஃபெலோஷிப்: திருகோணமலைக் கேள்விகளும் என் பதில்களும்

கே: கலாநிதிப் பட்டம் முடித்தபின் பிள்ளையோடு மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டேன். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு இனிப் போடலாமா, சேர்? (உவர்மலை)

ப: தாராளமாகப் போடலாம், தங்கச்சி. அவர்கள் வயதைப் பார்ப்பதில்லை. பட்டத்துக்குப் பிறகு ஆய்வில் கழித்த காலம் 8 வருடத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். ஆய்வை விட்டிருந்த அந்த மூன்று வருடம் கணக்கில் வராது. ஆனால் நீங்கள் போகும் நாட்டில், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக்கூடாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். முடிவு நேரம் செப்டெம்பரில், பிரசல்ஸ் நேரப்படி மாலை 5 மணி. நமக்கு இரவு 8.30. ஒருமுறை 8.10க்கு எனக்குக் கரண்ட் போனது. போன் டேட்டாவில் இழுத்துப்பிடித்து 8.26க்கு அனுப்பினேன். நீங்கள் இரண்டு நாள் முந்தியே அனுப்புங்கள்.

கே: சித்த மருத்துவம் படித்தவர்களை ஜேர்மனியின் ஹம்போல்ட் ஆய்வு ஃபெலோஷிப்புக்கு எடுப்பார்களா? (கோணேசபுரி)

ப: எல்லாத் துறைக்கும் திறந்ததுதான். கலாநிதிப் பட்டம் பெற்று 4 வருடத்துக்குள் என்றால் ஒரு பிரிவு, 12 வருடம் வரை இன்னொரு பிரிவு. முதலில் உங்களை ஏற்க அங்கே ஒரு பேராசிரியர் வேண்டும்.

கே: 40 பேராசிரியர்களுக்கு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. (மூதூர்)

ப: நீங்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன், தம்பி. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்குகிறது. முதல் ஆளே ஒரு அம்மா. 40 முகவரியும் மேலே வரிசையாகத் தெரிகிறது! ஒருவரைப் பிடியுங்கள். அவருடைய இரண்டு கட்டுரையை வாசித்து, அவர் விட்ட இடத்தில் உங்கள் கொட்டியாரக் குடாக் கடற்புல் எப்படிப் பொருந்தும் என்று ஐந்து வரி எழுதுங்கள்.

கே: பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலில் கலாநிதிப் பட்டம் செய்யலாமா?

ப: இல்லை. ஒரு வருட முதுமாணி மட்டும். கலாநிதிப் பட்டத்துக்குக் கொமன்வெல்த் புலமைப்பரிசிலைப் பாருங்கள்.

கே: ஏஜென்ட் ஒருவர் 75,000 ரூபா கேட்கிறார்.

ப: கொடுக்காதீர்கள். நான் சொன்ன எதற்கும் விண்ணப்பக் கட்டணமே இல்லை.

கே: வயது எல்லை என்ன?

ப: முதல் பதில்.

கே: எனக்கு 38. வயது பிரச்சினையா?

ப: முதல் பதிலை வாசித்துவிட்டு வாருங்கள். ஏஜென்டிடம் மட்டும் போகாதீர்கள்.

கே: திருகோணமலைக் கோட்டை வாசல் கல்வெட்டைத் தலைப்பாக எடுக்கலாமா? "முன்னே குளக்கோட்டன்" (கோணேசர் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன்) என்று தொடங்கி, போர்த்துக்கேயர் வருவதை முன்கூட்டியே சொன்ன கல் அது.

ப: அருமையான தலைப்பு. ஆனால் முடிவை முதலிலேயே எழுதிவிட்டீர்கள். அந்தக் கல்லில் மீன் சின்னம் தெளிவு; எழுத்துகள் பல சிதைந்தவை. நாம் மனப்பாடமாகச் சொல்லும் பாட்டு, அந்த இடைவெளிகளை நிரப்பிய வடிவம். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். இடிப்பதற்கு முன் வெட்டிய எழுத்தா, பின்னரா? எழுத்தமைதி, அதாவது எழுத்துகளின் வடிவம், எந்தக் காலத்தைச் சொல்கிறது? கேள்வியாக எழுதினால் தேர்வுக் குழு வாசிக்கும். பெருமையாக எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிடும்.

கே: அப்போ தீர்க்கதரிசனமே இல்லை என்கிறீர்களா? எங்கள் அப்பாச்சி சொன்னது பொய்யா?

ப: அப்பாச்சியை நான் இழுக்கவில்லை.

கே: வெள்ளைக்காரன் எழுதியதைத்தான் நம்புவீர்கள்!

ப: கல்லைத்தான் நம்பச் சொல்கிறேன். சரி, ஞாயிறு காலை கோட்டை வாசலுக்கு வாருங்கள். ஒரு டோர்ச் கொண்டுவாருங்கள். பக்கவாட்டில் அடித்தால்தான் எழுத்துத் தெரியும்.