தானாக நின்ற உலக்கை

கேள்வி: 2019 டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணத்தின்போது, தாம்பாளத்து மஞ்சள் நீரில் உலக்கை தானாக நின்றதை என் இரு கண்களாலும் பார்த்தேன். கண்கண்ட ஆதாரத்தோடு நான் நம்புவதையும் மூடநம்பிக்கை என்பீர்களா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கிரகணத்தை ஒப்புக்கொள்கிறேன், உங்கள் கண்களையும் ஒப்புக்கொள்கிறேன், 'தானாக' என்ற சொல்தான் தொண்டையில் சிக்குகிறது. உலக்கை மூலையிலிருந்து தானாக எழுந்து, கூடத்துக்கு நடந்து வந்து, தாம்பாளத்தில் ஏறி நின்றிருந்தால், இந்தப் பக்கத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஓய்வு பெற்றிருப்பேன். எங்கள் வீட்டில் அதை நிறுத்தியவர் என் அத்தை. முந்தானையை இடுப்பில் செருகி, மூச்சை அடக்கி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உலக்கையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஆறேழு முறை சாயவிட்டு, அதன்பின் மெல்லக் கையை எடுத்தார். கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டதோ சூரியனைப் பார்த்து. அத்தைக்கு ஒரு வாய் காபிகூடக் கிடைக்கவில்லை. கிரகணம் விடும்வரை அடுப்பு மூட்டக்கூடாதாம்.

உலக்கையின் அடிப்பூண் தட்டையானது. அதன் பரப்புக்குள் எடை இறங்கும்வரை எந்தக் கிழமையிலும் நிற்கும். கிரகண ஈர்ப்பு என்பவர்களுக்கு ஒன்று: சூரியனும் நிலவும் ஒரே பக்கம் சேர்வது ஒவ்வோர் அமாவாசையிலும் நடப்பதுதான், கடலில் ஓதத்தை எழுப்பும் அவற்றின் கூட்டு விசையும் புவியீர்ப்பில் கோடியில் இரண்டு பங்கைத் தாண்டாது. ஆகவே என் கேள்வி சிறியது. கிரகணமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில், அதே உலக்கையை அதே பொறுமையோடு நிறுத்திப் பார்த்தீர்களா? அன்று அது நிற்க மறுத்தால்தான் நீங்கள் கண்டதற்கு ஆதாரம் என்று பெயர்.

கண்ணால் கண்டதாகச் சொல்லி ஏமாந்தவர்களில் மேதைகளும் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, யுரேனஸின் தடுமாற்றத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 1846-இல் நெப்டியூன் இருக்குமிடத்தைச் சொன்னார். பெர்லினில் தேடிய முதல் இரவிலேயே, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் அது அகப்பட்டது. அதே துணிவில் 1859-இல் புதனின் பாதை விலகலைக் காட்டி, சூரியனருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. 1878 ஜூலை 29 அன்று அமெரிக்காவில் தெரிந்த முழுக் கிரகணத்தில், வாட்சன், ஸ்விஃப்ட் என்ற கைதேர்ந்த வானியலாளர்கள் இருவர் அதைப் பார்த்தே விட்டதாக அறிவித்தனர். பின்வந்த கிரகணங்களில் தேடியவர்களுக்கு அது சிக்கவில்லை; கைவிட்டார்கள். புதனின் விலகலுக்கு 1915-இல் ஐன்ஸ்டைன் வேறு காரணம் காட்டினார். வல்கனை நம்பியது பிழை. மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். இன்ன இடத்தில் தேடுங்கள், இல்லையென்றால் என்னை விட்டுவிடுங்கள் என்று அந்த நம்பிக்கை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. உலக்கையோ நின்றால் கிரகணத்தின் சக்தி, விழுந்தால் நிறுத்தியவருக்குத் தீட்டு.

இந்த வித்தையில் கரைகண்டவர் எங்கள் இதழிலேயே இருக்கிறார். 'வரவு உண்டு, செலவும் உண்டு' என்று பன்னிரண்டு ராசிக்கும் எழுதும் அவரை நிறுத்தச் சொல்லி, விற்பனைப் பிரிவோடு பல ஆண்டுகளாக மல்லுக்கு நிற்கிறேன். நிறுத்தினால் இதழ் தானாகப் படுத்துவிடுமாம். ஒரே ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்போமே என்றால் ஒருவரும் சம்மதிப்பதில்லை.