யார் பார்த்தது?

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தெருவுக்கு இரண்டு மூன்று பட்டாளத்து வீடுகள் உண்டு. என் தம்பியும் ராணுவத்தில்தான் இருக்கிறான். 2025 மே முதல் வாரம் ஜம்மு பக்கம் இருந்தான். ஏழாம் தேதி பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. அதற்குப் பிறகு அவன் போன் கிடைக்கவில்லை. எட்டாம் தேதி ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்த அம்மா விடியும்வரை எழுந்திருக்கவில்லை. டிவியில் சைரன் ஊதும்போதெல்லாம் அது தம்பி இருக்கும் இடத்தில் ஊதுவதாக நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று இரவுதான் கராச்சி துறைமுகம் எரிகிறது என்றார்கள். இஸ்லாமாபாத் விழுந்துவிட்டது, பாகிஸ்தான் தளபதி கைது என்றார்கள். நானும் சந்தோஷத்தில் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். காலையில் பார்த்தால் அப்படி எதுவுமே நடக்கவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் நம் விமானங்கள் விழுந்தன என்று எழுதின. அவர்கள் எப்போதுமே நமக்கு எதிராகத்தான் எழுதுவார்கள் என்றார்கள் நண்பர்கள். யூடியூபில் ஒருவர் 'எந்த ஊடகமும் சொல்லாத உண்மை' என்று தினமும் ஒரு மணி நேரம் பேசுகிறார். எனக்கு இப்போது யார்மேலும் நம்பிக்கை இல்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். மளிகைக் கடை வைத்திருப்பவன் கராச்சியைத் தீர விசாரிக்க எங்கே போவான்? நடுநிலையான நாலு பத்திரிகை, சேனல் பெயர் சொன்னால் போதும்.

ச., குடியாத்தம்

*

அன்புள்ள ச.,

தம்பி எப்படி இருக்கிறார் என்று எழுதவே இல்லையே. நலமாக இருப்பதால்தான் விட்டுப்போயிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அம்மாவுக்கு ஒரு தகவல். அந்த நாட்களில் ஜம்முவில் நிஜமாகவே சைரன் ஊதியது. ஆனால் அம்மா டிவியில் கேட்டது பெரும்பாலும் ஸ்டூடியோவில் பின்னணி இசைபோலப் போட்டதாகத்தான் இருக்கும். மே 10 அன்று உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள குடிமைப் பாதுகாப்பு இயக்குநரகம், நிகழ்ச்சிகளில் சைரன் ஒலியைப் போடாதீர்கள், கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால் நிஜமாக ஊதும்போது மக்கள் அசட்டையாக இருந்துவிடுவார்கள் என்று சேனல்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு தாயை ராத்திரி முழுக்கக் கும்பிட வைத்தது ஒரு ஒலிக்கோப்பு.

நாலு பெயர் கேட்டீர்கள். தரப்போவதில்லை. 'நடுநிலை' என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். சாய்வு வேறு, பொய் வேறு. ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் பத்திரிகை சரியான தகவல் தரலாம். இரண்டு பக்கமும் பேசும் பத்திரிகை, இரண்டு பக்கத்துப் பொய்யையும் சமமாகப் பங்கிட்டுத் தரலாம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் அப்பா.

எங்களுக்கு வேதாரண்யம். அப்பா உப்பளத்தில் கணக்கெழுதினார். இலங்கைப் போர் எங்களுக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. கோடியக்கரையில் நின்றால் அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். அப்பாவிடம் ஒரு சிற்றலை ரேடியோ இருந்தது. இலங்கை வானொலி கேட்பார். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. காற்று நன்றாக இருந்தால் புலிகளின் குரலும் இரைச்சலோடு வரும். கேட்டதைப் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுவார். ஒரு பக்கம் ராணுவம் சொன்னது, எதிர்ப்பக்கம் புலிகள் சொன்னது. உப்பு மூட்டைக் கணக்குபோலவே, கோடு போட்டு.

2000 ஏப்ரல் 22, யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழியில் இருந்த ராணுவத் தளமான ஆனையிறவு விழுந்த அன்று அந்த நோட்டைப் பார்த்தது நினைவிருக்கிறது. புலிகள் பிடித்துவிட்டோம் என்றார்கள். அரசு, படைகளைப் பின்னால் நகர்த்தியிருக்கிறோம் என்றது. செத்தவர் எண்ணிக்கையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அப்பா எண்களை எல்லாம் அடித்துவிட்டு 'ஆனையிறவு' என்ற ஊர்ப் பெயரை மட்டும் வட்டம் போட்டார். "ஊர் பேரை ரெண்டு பேரும் ஒத்துக்கிறான், அது போச்சு. நம்பரை விடு, அது அவனவன் ஆசை" என்றார். போர்ச் செய்தி படிக்க இதைவிட நல்ல பாடம் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

அப்பாவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. டீக்கடையில் யாராவது "அங்கே இருநூறு பேர் காலியாம்" என்றால் "யாரு பாத்தது?" என்று கேட்பார். சொன்னவர் முகம் சுண்டிப்போகும். படகில் வந்து இறங்கியவர்களையும் இதே கேள்விதான் கேட்பார், ஆனால் குரல் வேறாக இருக்கும். அவர்கள் பார்த்தவர்கள்.

கராச்சிக்கு இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். கராச்சியில் இரண்டு கோடிப் பேர் இருக்கிறார்கள். துறைமுகம் எரிந்தால் மொட்டை மாடியில் நிற்கிற எவனும் படம் எடுப்பான். அப்படி ஒரு படம்கூட வரவில்லை. வந்தவற்றில் ஒன்று, அந்த ஜனவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சிறிய விமானம் ஒன்று விழுந்து வெடித்த காட்சி. (கராச்சி எரிந்தது உண்மைதான், 1971 டிசம்பரில். நம் கடற்படையின் ஏவுகணைப் படகுகள் போய்த் தாக்கின. அந்த நினைவு இருந்ததால்தான் நம்பவும் சுலபமாக இருந்ததோ என்னவோ.) அப்புறம், 'ஆர்மா 3' என்ற கணினி விளையாட்டின் காட்சிகள். அவை உக்ரைன் போரிலும் உலா வந்தன. வெறுத்துப்போய் அந்த விளையாட்டைச் செய்த நிறுவனமே 2022-ல் அறிக்கை விட்டது: எங்கள் விளையாட்டைப் போர் என்று காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இருட்டுக் காட்சியாக, மங்கலாக, ஆடி அசைந்து, சத்தம் இல்லாமல்தான் காட்டுவார்கள் என்று. அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் பார்க்காத செய்தியால் இன்னொரு வகைக் கொடுமையும் நடக்கும். மே 7 அன்று பூஞ்ச் நகரத்தில் பாகிஸ்தான் எறிந்த குண்டுகளில் மதரசா ஆசிரியர் ஒருவர் இறந்தார். சில சேனல்கள் அவரைக் கொல்லப்பட்ட பயங்கரவாதி என்று காட்டின. டெல்லிப் பக்கத்து ஸ்டூடியோவில் இருந்தவருக்கு அந்த ஆளைத் தெரியாது. பூஞ்சில் அவரிடம் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியும். பூஞ்ச் போலீசே அந்தச் செய்தி பொய் என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. எதிரியின் குண்டில் செத்தவரைச் சொந்த நாட்டுத் தொலைக்காட்சி இரண்டாவது முறை கொன்றது.

இனி விமானங்கள். இங்கேதான் உங்கள் நண்பர்கள் கணக்கு இடிக்கிறது. ஐந்து விமானங்களை வீழ்த்திவிட்டோம் என்றது பாகிஸ்தான். ஆதாரம் எங்கே என்று சிஎன்என்னில் கேட்டதற்கு அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் க்வாஜா ஆசிஃப், எல்லாம் சமூக ஊடகத்தில் இருக்கிறதே என்றார். ஒரு அமைச்சர் அப்படிச் சொன்னால் நான் அவரை நம்ப மாட்டேன். ஆனால் மே 31 அன்று சிங்கப்பூரில் நம் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான், விமான இழப்பு இருந்தது என்று ஒத்துக்கொண்டார். எத்தனை என்று சொல்லவில்லை. பாகிஸ்தான் பின்னால் சொன்ன ஆறு என்ற கணக்கு தவறு என்றார். சௌஹான் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். தனக்கு நஷ்டமான ஒன்றை ஒருவர் தானே முன்வந்து சொல்லும்போது அதன் எடை வேறு. ஆனையிறவு மாதிரிதான்: விழுந்ததை இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிறார்கள், எண்ணில்தான் சண்டை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் முன்கூட்டி எழுதியதற்குக் காரணம் அவர்களுக்கு நம்மைப் பிடிக்காது என்பதாகவே இருக்கட்டும். எழுதியது அதனால் பொய்யாகிவிடவில்லையே.

நாளிதழ் வாங்குகிறீர்கள்தானே? செய்தியின் தொடக்கத்தில் 'புதுடெல்லி, மே 9' என்று தடித்த எழுத்தில் ஊர்ப் பெயர் போட்டிருக்கும். நாம் அதைத் தாண்டித்தான் படிக்கிறோம். புதுடெல்லி என்று இருந்தால் அது டெல்லியில் யாரோ சொன்னது. பூஞ்ச் என்றோ ஜம்மு என்றோ இருந்தால் நிருபர் அங்கே நின்றிருக்க வாய்ப்பு உண்டு. அதேபோல், நாலு தமிழ்ப் பத்திரிகையிலும் வந்திருக்கிறதே என்பார்கள். வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் அது நாலு சாட்சி இல்லை. ஒரே செய்தி நிறுவனம் அனுப்பியதை நாலு பேர் மொழிபெயர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 'வட்டாரங்கள் தெரிவிக்கின்றன', 'கூறப்படுகிறது' என்று முடியும் வாக்கியங்களை நான் கண்ணால் ஒரு தரம் தடவிவிட்டு மேலே போய்விடுவேன்.

நல்ல பத்திரிகையும் சறுக்கும். 2023 அக்டோபர் 17, காசாவில் அல் அஹ்லி மருத்துவமனையில் வெடிப்பு நடந்தது. இஸ்ரேலியத் தாக்குதலில் நூற்றுக்கணக்கானோர் பலி என்று பாலஸ்தீனர்கள் கூறுவதாக நியூயார்க் டைம்ஸ் பெரிய எழுத்தில் போட்டது. யார் குண்டு, எத்தனை பேர் என்பதெல்லாம் உடனே சர்ச்சையானது. ஆறு நாள் கழித்து, ஹமாஸ் தரப்பு சொன்னதை ஆரம்பத்தில் அளவுக்கு மேல் நம்பி எழுதிவிட்டோம் என்று ஆசிரியர் குறிப்பு வந்தது. இதே பத்திரிகைதான் இராக் போருக்கு முன் பேரழிவு ஆயுதங்களைப் பற்றி எழுதியதில் போதுமான கண்டிப்பு இல்லை என்று 2004 மே மாதம் ஒத்துக்கொண்டது. இரண்டு முறை பெரிய தவறு. ஆனாலும் படிக்கிறேன். தவறை ஒத்துக்கொள்கிறவனிடம் அடுத்த முறையும் பேச்சுக் கொடுக்கலாம். கராச்சியை எரித்தவர்களில் ஒரு இந்தி சேனலின் தொகுப்பாளர் திரையிலேயே மன்னிப்புக் கேட்டார். மற்றவர்கள் பெரும்பாலும் அடுத்த பரபரப்புக்குப் போய்விட்டார்கள். நாலு பெயர்தானே வேண்டும், நீங்களே எடுக்கலாம்: நீங்கள் பார்க்கிற சேனல் கடைசியாக எப்போது 'தவறாகச் சொல்லிவிட்டோம்' என்றது?

யூடியூப்காரரிடமும் அப்பாவின் கேள்வியைக் கேளுங்கள். எந்த ஊடகமும் சொல்லாததை இவர் எங்கே போய்ப் பார்த்தார்?

இவ்வளவு பேசுகிற நான் மட்டும் ஒழுங்கா என்றால் இல்லை. 2009-ல், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், வன்னிக்குள் சுதந்திரமான நிருபர் யாரையும் இலங்கை அரசு விடவில்லை. பொதுமக்கள் யாரும் சாகவில்லை என்பதுபோலப் பேசினார்கள். இரண்டு வருஷம் கழித்து ஐ.நா. நிபுணர் குழு, நாற்பதாயிரம் பேர்வரை செத்திருக்கலாம் என்றது. அரசு சொல்வதை நம்பாதது சரிதான். ஆனால் மே 19 அன்று பிரபாகரனின் உடலைக் காட்டியபோதும் நான் நம்பவில்லை. முகம் சரியில்லை, படத்தில் ஏதோ வேலை செய்திருக்கிறார்கள் என்று நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசினேன். தலைவர் நலமாக இருக்கிறார் என்று புலிகள் தரப்பிலிருந்து கே. பத்மநாதன் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. மே 24 அன்று அதே பத்மநாதன் மரணத்தை ஒத்துக்கொண்டார். அப்பா அந்த வாரம் முழுக்க என்னோடு வாதம் செய்யவே இல்லை. ரேடியோவை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்தார்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. கராச்சி எரிகிறது என்று சொந்தக்காரர்கள் குழுவில் போட்டதாக எழுதியிருந்தீர்கள். மறுநாள் அது பொய் என்று தெரிந்ததும் அதே குழுவில் அதையும் போட்டீர்களா? போட்டிருந்தால் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.