ஈட்ரெக்ஸுக்கு விண்டோஸ் எதற்கு?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். பழைய கார்மின் ஈட்ரெக்ஸ் 20எக்ஸ் ஒன்று கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. ஜியோகேச்சிங், அதாவது ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் பிறர் ஒளித்து வைத்த பெட்டியை (கேச்) தேடிப் பிடிக்கும் விளையாட்டு, விளையாட ஆசை. வீட்டில் இருப்பது மகளுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி, அதில் உபுண்டு மட்டும்தான் ஓடுகிறது. விண்டோஸ் போட்டால்தான் ஜிபிஎஸ் வேலை செய்யும், இந்தியா மேப்பையும் தனியாக ஏற்ற வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து நாலாயிரம் ஆகும் என்கிறார் கடைக்காரர். கேபிளைச் செருகிப் பார்த்தேன், கணினியில் ஒன்றுமே தெரியவில்லை. நண்பரிடம் 60சிஎஸ்எக்ஸ் மாடலும் ஒன்று இருக்கிறது. அதையும் இதே கணினியோடு இணைக்க முடியுமா?

பதில்: நாலாயிரத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கணினியில் செருகிவிட்டால் ஈட்ரெக்ஸ் 20எக்ஸ் வெறும் பென் டிரைவ்தான். பென் டிரைவுக்கு யாராவது விண்டோஸ் கேட்பார்களா? ஜியோகேச் விவரம் உள்ள கோப்பை உரிய ஃபோல்டரில் போட்டால் மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும். இதற்காக ஒரு மென்பொருள்கூட நிறுவ வேண்டாம். கார்மின் நிறுவனம் தன் மேப், அப்டேட் மென்பொருள்களை உபுண்டு போன்ற லினக்ஸுக்கு எழுதிக் கொடுத்ததில்லை, கடைக்காரர்கள் பயம் காட்டுவது அதை வைத்துத்தான். பாஸ் என்ற இந்திய லினக்ஸோடு அரசு கொடுத்த மடிக்கணினிகளையே அழித்துத் திருட்டு விண்டோஸ் ஏற்றிப் பழகியவர்கள், உங்களுக்கு மட்டும் வேறு யோசனையா சொல்லப்போகிறார்கள்?

கணினியில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 20எக்ஸில் இருப்பது மினி யுஎஸ்பி. இன்றைய போன் கேபிள் அதில் நுழையாது, அதனால் மேசை இழுப்பறையில் கிடந்த ஏதோ ஒன்றை எடுத்திருப்பீர்கள். அவற்றில் பல, சார்ஜ் ஏற்ற மட்டும் இரண்டு கம்பி வைத்துச் செய்தவை. தகவல் போக நாலு கம்பி வேண்டும். இரண்டு கம்பிக் கேபிளிலும் கருவிக்கு மின்சாரம் கிடைத்துத் திரை ஒளிரும், அதைப் பார்த்து இணைப்பு சரி என்று நம்பிவிடுவோம். நல்ல கேபிள் என்றால் வழக்கமான பக்கங்கள் மறைந்து, கணினியோடு இணைந்திருப்பதைக் காட்டும் படம் திரையில் வரும். பழைய டிஜிட்டல் கேமராவோடு வந்த மினி யுஎஸ்பி கேபிள் வீட்டில் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். கருவியின் பின்புறம் உள்ள ரப்பர் மூடியை முழுதாக விலக்குங்கள். அது இடையில் மடிந்து நின்றால் முனை கடைசி வரை உள்ளே போகாது. மாஸ் ஸ்டோரேஜுக்கு, அதாவது பென் டிரைவ் நிலைக்கு, போகவா என்று கருவி கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். முன்பு வைத்திருந்தவர் இன்டர்ஃபேஸை ‘ஸ்பேனர்’ என்று மாற்றி வைத்திருந்தால்தான் அந்தக் கேள்வி வரும். இவ்வளவுக்குப் பிறகும் தெரியாவிட்டால் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரை) ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்று ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள். ‘கார்மின் இன்டர்நேஷனல்’ என்று ஒரு வரி வந்தால் கேபிளில் குறையில்லை. வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள், கணினியை அல்ல.

இணைந்ததும் ஃபைல் மேலாளரின் இடப்பக்கத்தில் ‘கார்மின்’ என்ற பெயர் வந்து நிற்கும். அதைத் திறந்தால் உள்ளேயும் கார்மின் என்றே ஒரு ஃபோல்டர், அதற்குள் ஜிபிஎக்ஸ் என்று இன்னொன்று. உங்கள் கோப்பு போக வேண்டியது அங்கே. ஜியோகேச்சிங் தளத்தில் கட்டண உறுப்பினருக்குத்தான் ‘பாக்கெட் க்வெரி’ உண்டு. ஒரு க்வெரியில் 1000 கேச் வரை மொத்தமாக வரும். இலவச உறுப்பினர் என்றால் ஒவ்வொன்றாகத்தான் பதிய வேண்டும், பெரும்பாலும் கையால். ஒரு விளையாட்டுக்கும் கட்டணச் சுவர் எழுப்பிவிட்டார்கள், என்ன செய்ய. க்வெரி ஜிப் கோப்பாக வரும். அதை அப்படியே கருவியில் போட்டால் ஒன்றும் நடக்காது, முதலில் பிரியுங்கள். உள்ளே இரண்டு ஜிபிஎக்ஸ் கோப்புகள் இருக்கும்: ஒன்றில் கேச்கள், மற்றதில் வண்டி நிறுத்துமிடம் போன்ற துணைப் புள்ளிகள். இரண்டையும் போடுங்கள். கேபிளைக் கழற்றியதும் கருவியின் ‘ஜியோகேச்’ பக்கத்தில் விளக்கம், குறிப்பு, முன்பு வந்தவர்கள் எழுதியது எல்லாம் தெரியும்.

ஆனால் கழற்றும் விதம் முக்கியம். காப்பி முடிந்ததாகத் திரை சொன்னாலும், லினக்ஸ் இன்னும் கொஞ்சத்தை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு மெதுவாக எழுதிக்கொண்டிருக்கும். ‘கார்மின்’ பெயருக்குப் பக்கத்தில் உள்ள எஜெக்ட் குறியை அழுத்தி, எடுக்கலாம் என்று கணினி சொன்ன பிறகே கேபிளைத் தொடுங்கள். அவசரப்பட்டால் கோப்பு பாதியில் அறுந்துபோகும். அறுந்த ஜிபிஎக்ஸைப் படிக்கப் போய்க் கருவி தொடக்கப் படத்திலேயே உறைந்து நிற்கும். ‘போர்டு போச்சு’ என்று சொல்லி ரிப்பேர் கடைகள் காசு பார்ப்பது இந்த இடத்தில்தான். போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கருவியை அணைத்துவிட்டு, ஜாய்ஸ்டிக்கை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தபடியே கேபிளைச் செருகுங்கள். கணினியில் கார்மின் பெயர் தெரியும்வரை, அரை நிமிடம் ஆனாலும், விடாதீர்கள். பிறகு கடைசியாகப் போட்ட கோப்பை மட்டும் அழித்து முறையாகக் கழற்றினால் கருவி எழுந்துகொள்ளும்.

மேக் கணினிக்கும் இதே வழிதான். அங்கே ஒன்று மட்டும் கவனம்: அழித்த கோப்பு கருவிக்குள்ளேயே ஒரு மறைவான குப்பைத்தொட்டியில் கிடக்கும். தொட்டியைக் காலி செய்யாவிட்டால் இடம் திரும்பக் கிடைக்காது.

கையால் பதிபவர்கள் விழும் குழி வேறு. ஜியோகேச்சிங்கில் இடம் பாகையும் தசம நிமிடமுமாக எழுதப்படுகிறது. போனில் உள்ள மேப்போ தசமப் பாகையில் காட்டுகிறது. ஊட்டிப் பக்கம் ஓர் இடத்தின் அட்சரேகை போனில் 11.4102 என்று இருந்தால், புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60ஆல் பெருக்குங்கள்: 0.4102 × 60 = 24.612. ஆக, கருவியில் பதிய வேண்டியது வடக்கு 11 பாகை 24.612 நிமிடம். பெருக்காமல் 41.02 நிமிடம் என்று அடித்துவிட்டால் கருவி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு, உங்களை 30 கிலோமீட்டர் வடக்கே பந்திப்பூர்ப் புலிக்காட்டுப் பக்கம் அனுப்பும். கடைசி இலக்கத்தில் ஒன்று பிசகினால் இரண்டு மீட்டருக்குள்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். டேட்டம், அதாவது இடத்தைக் கணக்கிடும் அடிப்படை, ‘டபிள்யூஜிஎஸ் 84’ என்றே இருக்கட்டும். பழைய சர்வே வரைபடத்துக்காக யாராவது ‘இந்தியன்’ என்று மாற்றி வைத்திருந்தால் எல்லாப் புள்ளியும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். சாட்டிலைட் அமைப்பில் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் க்ளோனாஸையும் சேர்த்துவிடுங்கள். சோலைக்குள் அப்படியும் பத்துப் பதினைந்து மீட்டர் ஆடும், அதற்கு மேல் கண்தான் தேட வேண்டும். அம்புக்குறி காட்டுகிறது என்பதற்காக வனத்துறை எல்லைக்கல்லைத் தாண்டி இறங்காதீர்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நிற்பவருக்கு அபராதம்தான், ஜியோகேச்சிங் என்ற விளக்கமெல்லாம் அங்கே எடுபடாது.

அடுத்து மேப். ‘இந்தியா மேப்’ என்று கடையில் விற்பது பெரும்பாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தன்னார்வலர்கள் வரைந்து வைத்தது. இல்லையென்றால் பூட்டை உடைத்த திருட்டு மேப். அது சில நாளில் ‘மேப்பை அங்கீகரிக்க முடியவில்லை’ என்று முரண்டு பிடிக்கும், விற்றவர் போனை எடுக்க மாட்டார். நீங்களே செய்துகொள்ளலாம். ‘பிபிபைக்’ தளத்தின் எக்ஸ்ட்ராக்ட் பக்கத்தில் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் அடங்கும்படி ஒரு கட்டம் வரைந்து, வடிவத்தில் கார்மின் என்பதைத் தேர்ந்து, மின்னஞ்சலைக் கொடுங்கள். இறக்கும் இணைப்பு அஞ்சலில் வரும். ஜிப்பைப் பிரித்தால் ‘ஜிமேப்சப்’ என்ற பெயரில் ஐஎம்ஜி கோப்பு ஒன்று இருக்கும். 32 ஜிபிக்கு மேற்படாத மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்றை எடுத்து, அதில் கார்மின் என்ற ஃபோல்டரை உருவாக்கி அதற்குள் போடுங்கள். 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வரும், அதைக் கருவி படிக்காது. கார்டுக்கான இடம் பேட்டரிகளுக்கு அடியில் இருக்கிறது. கருவிக்குள் ஏற்கெனவே உள்ள ‘ஜிமேப்பிமேப்’ என்ற கோப்பை மட்டும் தொடாதீர்கள், அடிப்படை மேப் அதுதான். மேப் அமைப்பில் புதியதை இயக்கி, மற்றதை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பாதைகள் மறையும்.

மேப் ஏற்றும் அதே கடையில், இதைக் கொடுத்துவிட்டுப் புது மாடல் வாங்குங்களேன் என்று ஆசை காட்டினால், மாடல் எண்ணின் கடைசியில் ‘ஐ’ என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். 66ஐ, 67ஐ, மொண்டானா 700ஐ போன்றவை இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புபவை. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளையே விமான நிலையத்தில் பிடித்திருக்கிறார்கள். உங்கள் 20எக்ஸ் சிக்னலை வாங்க மட்டுமே செய்யும், அனுப்பாது. அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

தேடி முடித்த பிறகு கருவியில் ‘கண்டேன்’ என்று குறித்தால், ‘ஜியோகேச் விசிட்ஸ்’ என்ற எழுத்துக் கோப்பு கார்மின் ஃபோல்டரில் உருவாகும். தளத்தின் ‘டிராஃப்ட்ஸ்’ பக்கத்தில் அதை அப்படியே ஏற்றுங்கள். எடிட்டரில் திறந்து திருத்தி வேறு குறிமுறையில் சேமித்துவிட்டால் சிக்கல். அதில் உள்ள நேரம் கிரீன்விச் கணக்கு, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்டெடுத்தது முந்தைய நாள் தேதியில் நிற்கும்.

நண்பரின் 60சிஎஸ்எக்ஸ் முந்தைய தலைமுறை. அது பென் டிரைவாக மாறாது, கார்மினின் சொந்த மொழியில்தான் பேசும். இங்கும் விண்டோஸ் வேண்டாம், ஆனால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அந்த மொழி தெரிந்த ‘ஜிபிஎஸ்பேபல்’ உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது, நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவி இயக்கியதும் கருவியைத் திறக்க முடியவில்லை என்று பிழை வரலாம். காரணம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ‘கார்மின்_ஜிபிஎஸ்’ என்ற பழைய டிரைவர் ஒன்று உண்டு. கருவியைச் செருகிய மறுநொடி அது ஓடிவந்து பிடித்துக்கொள்ளும், பேபலுக்கு விடாது. ‘எல்எஸ்மாட்’ என்று தட்டினால் வரும் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கும். ‘இடிசி’க்குள் இருக்கும் ‘மோட்ப்ரோப்.டி’ என்ற ஃபோல்டரில் ‘.கான்ஃப்’ என்று முடியும் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, ‘பிளாக்லிஸ்ட்’ என்ற சொல், ஓர் இடைவெளி, பிறகு அந்த டிரைவரின் பெயர் என்று ஒரே வரியை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் எழுதுங்கள். கணினியை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள்.

பிறகு டெர்மினலில் பேபலுக்கு நாலு விஷயம் சொல்ல வேண்டும்: உள்ளீட்டு வகை ஜிபிஎக்ஸ், உங்கள் ஜிபிஎக்ஸ் கோப்பின் பெயர், வெளியீட்டு வகை கார்மின், போகும் இடம் ‘யுஎஸ்பி’ என்ற மூன்றெழுத்தும் அதை ஒட்டி ஒரு முக்காற்புள்ளியும். அந்த முக்காற்புள்ளியை விட்டால் யுஎஸ்பி என்ற பெயரில் கோப்பைத் தேடிப் போய் நிற்கும். கட்டளைக்கு முன்னால் நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ என்ற சொல்லைச் சேருங்கள், இல்லாவிட்டால் அனுமதி மறுக்கப்படும். இந்தக் கருவியில் 1000 வேபாயின்ட் (குறித்து வைக்கும் புள்ளி) தான் அடங்கும், அதில் நண்பர் ஏற்கெனவே குறித்து வைத்தவையும் சேர்த்தி. ஆகவே க்வெரியை 500க்கு மேல் கேட்காதீர்கள். விளக்கமும் பழைய பதிவுகளும் இதில் வராது, கேச்சின் குறியெண்ணும் இடமும்தான் வரும். மற்றதைத் தாளில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். மேப் போட, அமைப்பில் இன்டர்ஃபேஸுக்குப் போய் ‘யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ்’ என்பதை அழுத்தினால் கார்டு மட்டும் கணினியில் தெரியும். 20எக்ஸில் மேப் கோப்புக்கு எந்தப் பெயரும் வைக்கலாம், 60சிஎஸ்எக்ஸில் ‘ஜிமேப்சப்’ என்ற ஒரே பெயர்தான் செல்லும். ஊட்டி மேப்பும் கொடைக்கானல் மேப்பும் வேண்டுமென்றால் இரண்டு கார்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.