வங்கிதான் வரியை வெட்டிவிட்டதே, விபரத்திரட்டில் ஏன் காட்டவேண்டும்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 165,000 ரூபா, வரி சம்பளத்திலேயே கழிபடுகிறது. 2024/2025 ஆண்டுக்கான வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 20ஆம் திகதி இணையத்தில் நானே சமர்ப்பித்தேன். சம்பளத்தை மட்டும்தான் காட்டினேன். எனக்கும் அம்மாவுக்கும் கூட்டாக ஒரு நிலையான வைப்பு இருக்கிறது. அதன் வட்டியில் வங்கி வரி வெட்டியதால் காட்டத் தேவையில்லை என்று நினைத்தேன். இங்கே திருநெல்வேலியில் என் பெயரிலுள்ள வீட்டுக்கு மாதம் 40,000 ரூபா வாடகை வருகிறது, அதையும் காட்டவில்லை. கனடாவிலிருந்து தம்பி வீட்டுத் திருத்தத்துக்கு 8 இலட்சம் அனுப்பினான். இப்போது பயமாக இருக்கிறது. திருத்தலாமா? தண்டம் வருமா? வழக்குப் போடுவார்களா?

பதில்: திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். திணைக்களத்திலிருந்து கடிதமோ மதிப்பீட்டு அறிவித்தலோ வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். நீங்களாக முன்வந்து திருத்தி, வரியையும் வட்டியையும் கட்டினால் விடயம் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

உங்கள் பிழையின் வேரை முதலில் பார்ப்போம், ஏனெனில் யாழ்ப்பாணத்தில் வைப்பு வைத்திருப்பவர்களில் பலர் இதே பிழையைத்தான் விடுகிறார்கள். வங்கி வட்டியில் வெட்டுவது முடிந்த வரி இல்லை, அது முற்பணம். அந்த ஆண்டில் வட்டிக்கு 5 வீதம் வெட்டினார்கள். உங்கள் வருமானம் முழுவதையும் கூட்டும்போது அந்த வட்டி 18 வீதப் படிக்குள் விழுகிறது. வங்கி வெட்டிய 5 போக மீதியை நீங்கள்தான் கட்டவேண்டும். வங்கிக்கு உங்கள் சம்பளமும் வாடகையும் தெரியாது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் கூட்டிப் பார்ப்பதற்குத்தான் விபரத்திரட்டு இருக்கிறது.

இனிக் கணக்கு. சம்பளம் ஆண்டுக்கு 1,980,000. கூட்டு வைப்பின் மொத்த வட்டி 600,000 என்று வைத்துக்கொள்வோம். பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்ட முடிந்தால் அந்த விகிதத்தில் பிரியும். முடியாவிட்டால் சரிபாதி. எனவே உங்கள் பங்கு 300,000, அதில் வெட்டிய வரி 15,000. வாடகை 480,000. அதில் 25 வீதம், அதாவது 120,000 ரூபா, திருத்தவேலை மற்றும் பராமரிப்புக்கான நிவாரணமாகக் கழியும், மிஞ்சுவது 360,000.

மூன்றையும் கூட்டினால் 2,640,000. அந்த ஆண்டின் தனிநபர் நிவாரணம் 1,200,000 போக, வரிக்குரிய வருமானம் 1,440,000. முதல் 500,000க்கு 6 வீதம் 30,000; அடுத்த 500,000க்கு 12 வீதம் 60,000; மீதி 440,000க்கு 18 வீதம் 79,200. மொத்த வரி 169,200. சம்பளத்தில் மாதம் 5,300 வீதம் கழித்த 63,600ஐயும் வங்கி வெட்டிய 15,000ஐயும் விட்டால், நீங்கள் கட்டவேண்டியது 90,600 ரூபா.

வாடகை நிவாரணத்தைக் கேட்க மறந்திருந்தால் இதே கணக்கில் வரி 25,200 ரூபா கூடியிருக்கும். வாடகையை முதலீட்டு வருமானத்தின் கீழ்ப் பதியாமல் வியாபார வருமானத்தில் போடுபவர்கள் இந்த நிவாரணத்தைத் தவறவிடுகிறார்கள், கவனியுங்கள். இன்னொன்று: இந்த 25 வீதத்தை எடுத்தபின் உண்மையான திருத்தச் செலவையும் கழிக்க முடியாது. தம்பி அனுப்பிய 8 இலட்சத்தில் கூரை போட்டதற்குப் பற்றுச்சீட்டு இருந்தாலும் அதைச் செலவாகக் காட்டவேண்டாம்.

தம்பியின் பணம் வருமானமா என்றால், இல்லை. குடும்பத்தில் ஒருவர் உதவியாகத் தருவது உழைப்பாலோ வியாபாரத்தாலோ முதலீட்டாலோ வந்ததல்ல. ஆனால் சொத்து, பொறுப்புக் கூற்றில் உங்கள் வீட்டின் பெறுமதி 8 இலட்சத்தால் கூடி, சம்பளம் மட்டும் அப்படியே இருந்தால், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது இயல்பு. வங்கியூடாக வந்த பணவனுப்பல் சீட்டை எடுத்து வையுங்கள். தம்பியிடமிருந்து இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சலும் போதும். கையில் காசாக வாங்கியதற்குத்தான் பின்னர் பதில் சொல்லக் கடினம். (வீட்டு உறுதி தம்பியின் பெயரில் இருந்து, அற்றோணித் தத்துவத்தில் நீங்கள் வாடகை மட்டும் வாங்கியிருந்தால் கதை வேறு: அது அவருடைய வருமானம், அவர்தான் தன் பெயரில் காட்டவேண்டும். உங்கள் உறுதி உங்கள் பெயரில் இருப்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது.)

இனித் திருத்தும் வேலை. கணினிக்கு முன் உட்காருவதற்கு முன்பு நான்கு கடதாசி வேண்டும்: ஏற்கெனவே சமர்ப்பித்த விபரத்திரட்டின் பிரதியும் அதன் ஏற்பு இலக்கமும், தொழில்தருநர் தந்த ரி-10 சான்றிதழ் (ஆண்டுச் சம்பளமும் அதில் கழித்த வரியும் இருக்கும்), வங்கியின் வட்டி மற்றும் பிடித்துவைத்தல் வரிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தமும் பெற்ற பணத்தின் பதிவும்.

வங்கிச் சான்றிதழில்தான் பிழைகள் குவிகின்றன, எனவே அதில் கொஞ்சம் நிற்போம். வங்கிப் புத்தகத்தில் விழுவது வெட்டியபின் வரும் தொகை. 100,000 வட்டி என்றால் புத்தகத்தில் 95,000 என்றுதான் இருக்கும். அந்த 95,000ஐ வருமானமாக எழுதி, வெட்டிய 5,000ஐயும் கழிவாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் திணைக்களத்துக்கு வங்கி அனுப்பிய தொகையோடு உங்கள் தொகை பொருந்தாது. எப்போதும் வெட்டுவதற்கு முன்னான முழு வட்டியை எழுதுங்கள்.

அடுத்தது காலம். சான்றிதழ் 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரைக்கானதா என்று பாருங்கள். தனியாளின் வட்டி கையில் கிடைத்த நாளை வைத்துக் கணக்கிடப்படும். வைப்பு 2025 ஏப்ரலில் முதிர்ந்திருந்தால் முழு வட்டியும் அடுத்த ஆண்டுக்குப் போகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் வெட்டு 10 வீதமாகிவிட்டது. 50,000 வட்டிக்கு 5,000 வெட்டியிருந்தால் அந்த வரி உங்கள் இந்த விபரத்திரட்டுக்கு உரியதில்லை.

மூன்றாவது, சான்றிதழிலுள்ள பெயர். கூட்டு வைப்பில் சான்றிதழ் அம்மாவின் பெயரிலும் அவருடைய வரி செலுத்துநர் அடையாள இலக்கத்திலும் மட்டும் வந்திருந்தால், உங்கள் 15,000 கணினியில் தெரியாது. வங்கியிடம் இருவருக்கும் பங்கைப் பிரித்துச் சான்றிதழ் தருமாறு எழுத்தில் கேளுங்கள். சம்பளத்தில் கழித்த வரி தெரியாவிட்டாலும் காரணம் அநேகமாக இலக்கப் பிழைதான். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ‘வி’ எழுத்தும் இருக்கும். புதியதில் பன்னிரண்டு இலக்கம்: முன்னால் 19 சேரும், ஆண்டையும் நாளையும் குறிக்கும் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு பூச்சியம் நுழையும், ‘வி’ போய்விடும். நிறுவனம் ஒன்றில் பதிந்து திணைக்களம் மற்றதில் வைத்திருந்தால் பொருந்தாது. இதை நீங்கள் திருத்த முடியாது. நிறுவனத்தின் கணக்குப் பிரிவுதான் தனது வருடாந்தக் கூற்றைத் திருத்தவேண்டும். ரி-10 கையில் இருந்தால் தொகையைக் கோரிவிட்டுச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவைக்குள் நுழைந்து, வருமான வரியின் கீழ் அதே 2024/2025 ஆண்டைத் தெரிவுசெய்து, திருத்திய விபரத்திரட்டாகத் திறவுங்கள். இங்கேதான் அடுத்த பெரிய பிழை: விட்டுப்போன வாடகையையும் வட்டியையும் மட்டும் பதிந்து சமர்ப்பிப்பது. திருத்திய விபரத்திரட்டு பழையதன் இடத்தைப் பிடிக்கிறது. சம்பளம், வட்டி, வாடகை, நிவாரணம், கழித்த வரிகள், சொத்துக் கூற்று எல்லாமே அதில் முழுமையாக இருக்கவேண்டும். இல்லையென்றால் சம்பளமே இல்லாத ஆளாக நிற்பீர்கள். பதிந்து சேமித்ததோடு நிற்கவேண்டாம். சேமித்தால் அது வரைவுதான். சமர்ப்பித்து ஏற்பு இலக்கம் திரையில் வந்த பிறகுதான் வேலை முடியும்.

உள்நுழையவே முடியாமல், கடவு எண் வரும் குறுஞ்செய்தி வேறு தொலைபேசிக்குப் போகிறது என்றால், முன்பு உங்களுக்காகப் பதிந்தவர் தன் இலக்கத்தையோ மின்னஞ்சலையோ கொடுத்திருப்பார். தேசிய அடையாள அட்டையோடு யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்குப் போய்த் தொடர்பு விபரத்தை மாற்றுங்கள். பிறர் கையில் உங்கள் கடவுச்சொல் இருப்பது நல்லதல்ல, அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். திணைக்களத்தின் 1944 இலக்கத்திலும் கேட்கலாம். திரையில் அந்த ஆண்டைத் திருத்தவே விடாவிட்டால் எழுத்தில் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத்தபாலில் அனுப்புங்கள். இணையத்தில் முடிந்தாலும் இப்படி ஒரு கடிதம் கோப்பில் இருக்கட்டும்:

“2024/2025 வரி மதிப்பாண்டுக்கு நான் சமர்ப்பித்த விபரத்திரட்டில், கூட்டு நிலையான வைப்பின் வட்டியில் எனது பங்கான 300,000 ரூபாவும் வீட்டு வாடகை 480,000 ரூபாவும் தவறுதலாக விடுபட்டுள்ளன. இவற்றைச் சேர்த்துத் திருத்திய விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கிறேன். மேலதிக வரி 90,600 ரூபாவைச் செலுத்திய பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் உள்ளது.”

பார்த்தீர்களா, இதில் சாக்கு இல்லை, மன்னிப்புக் கேட்டு நீட்டி முழக்கவும் இல்லை. என்ன விடுபட்டது, எவ்வளவு, கட்டியாயிற்று என்று மட்டும் இருக்கிறது. அதுவே போதும்.

பணத்தைக் கட்டும்போது வரி வகையும் ஆண்டும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். தவறான காலப்பகுதிக்குக் கட்டிய பணம் திணைக்களத்தில்தான் இருக்கும், ஆனால் உங்கள் 90,600 கட்டாததாகவே தெரிந்து, வட்டியும் ஏறும். அப்படி நடந்தால் பற்றுச்சீட்டோடு எழுதிக் கொடுத்து மாற்றவேண்டும்.

தண்டம், வட்டி பற்றி. உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 178ஆம் பிரிவிலுள்ள தாமதத் தண்டம் உரிய காலத்தில் விபரத்திரட்டே சமர்ப்பிக்காதவர்களுக்கானது: கட்டவேண்டிய வரியின் 5 வீதமும் மாதத்துக்கு 1 வீதமும், அல்லது 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000மும், இரண்டில் எது கூடவோ அது; உச்சம் 400,000. நீங்கள் நவம்பர் 30க்கு முன் சமர்ப்பித்துவிட்டீர்கள், இது உங்களைத் தொடாது. திருத்துவதாலும் அது தாமதமாகிவிடாது. ஆனால் வட்டி வரும். இறுதிக் கொடுப்பனவு 2025 செப்டெம்பர் 30க்குள் கட்டப்பட்டிருக்கவேண்டும். மாதத்துக்கு, அல்லது மாதத்தின் ஒரு பகுதிக்கு, 1.5 வீதம் என்றால் 1,359 ரூபா. 2026 மார்ச்சில் கட்டினால் ஆறு மாதத்துக்கு 8,154. இது குறைந்த அளவு. காலாண்டுத் தவணைகள் கட்டாததற்கும் சேர்த்துக் கணக்கிட்டால் கூடும், தாமதக் கொடுப்பனவுத் தண்டமும் சேரலாம். ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்டு எழுதலாம், ஆனால் வட்டி நிற்காது. எனவே இயன்றதை இன்றே கட்டுங்கள்.

வழக்கு என்று நித்திரை கெடவேண்டாம். வேண்டுமென்றோ கவனயீனத்தாலோ வருமானத்தை விட்டதாகத் தீர்மானித்தால் 180ஆம் பிரிவில் தனித் தண்டம் உண்டு. அந்தக் குற்றச்சாட்டுக்கு எதிராக உங்களுக்குள்ள மிக வலுவான ஆவணம், கேட்பதற்கு முன்பே நீங்கள் கொடுத்த திருத்திய விபரத்திரட்டு. அதற்கிடையில் மதிப்பீட்டு அறிவித்தல் வந்துவிட்டால், கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் காரணங்களை எழுதி நிருவாக மீளாய்வு கேட்கவேண்டும். உறையைத் தூக்கி எறியாதீர்கள், கிடைத்த திகதிக்கு அதுதான் சாட்சி.

அம்மாவின் பக்கம். அவருடைய 300,000 வட்டி மட்டுமே வருமானம் என்றால் வரி எதுவுமில்லை. வெட்டிய 15,000ஐ அவர் தன் பெயரில் விபரத்திரட்டுக் கொடுத்து மீளக் கேட்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து வழி இலகுவாகியிருக்கிறது: ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாவுக்கு மேற்படாதவர் வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுத்தால் வெட்டமாட்டார்கள். வைப்பு உள்ள ஒவ்வொரு வங்கிக்கும் கொடுக்கவேண்டும். உங்கள் வருமானம் அந்த அளவைத் தாண்டுவதால் நீங்கள் அதில் கையெழுத்து வைக்கக்கூடாது.

2025/2026இல் தனிநபர் நிவாரணம் 1,800,000, முதல் 1,000,000க்கு 6 வீதம். வருமானம் அதே அளவில் இருந்தால் உங்கள் மொத்த வரி 50,400தான். சம்பளத்தில் 10,800உம் வங்கியில் 30,000உம் போக, மீதி 9,600. இதன் கடைசித் தவணை 2026 மே 15. அன்றைக்கு முன் கட்டிவிட்டு, அந்தப் பற்றுச்சீட்டையும் அதே கோப்பில் வையுங்கள்.