கச்சான் காற்றில் ஒரு நாள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். என் அம்மாவின் ஊர் திருகோணமலை உப்புவெளி. எங்கள் சபையின் வாலிபர் குழு ஆகஸ்டில் பத்து நாள் ஊழியப் பயணமாகத் திருகோணமலைக்கு வருகிறது. பதினேழு வயதான என் மகனும் வருகிறான். ஒரு நாள் எப்படிப் போகும் என்று ஒரு தாள் தந்திருக்கிறார்கள். காலை தியானம், எட்டு மணிக்கு முன்பள்ளிச் சுவருக்கு பெயின்ற் அடித்தல், மதியம் ஒரு மணி முதல் நான்கு வரை வீடு சந்திப்பு, பிறகு கடற்கரையில் சிறுவர்களோடு விளையாட்டு, இரவு சாட்சிக் கூட்டம். மகனுக்குத் தமிழ் விளங்கும், பேசத்தான் கூச்சம். பத்து நாளில் என்ன ஊழியம், படம் எடுக்கப் போகிறார்கள் என்கிறார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை. ஊரிலேயே இருக்கிற நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

நான் சைவக்காரன். ஊழியம் சரியா பிழையா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஊரைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

பத்து நாள் குறைவு என்பதை நான் ஒரு குறையாகவே எடுக்கமாட்டேன். 1814இல் காலியில் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரிகளில் வில்லியம் ஓல்ட் என்பவர் மட்டக்களப்புக்குப் போனார். அடுத்த வருடமே இறந்துவிட்டார். அங்கே அவர் இருந்தது ஒரு வருடம்கூட இல்லை. அவர் தொடங்கிய பள்ளிக்கூடம், இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி, இப்போதும் நடக்கிறது. ஆகவே நாட்கணக்கை விடுங்கள். எனக்கு இடிக்கிறது அந்தத் தாள்தான். இந்த ஊரின் பொழுது தெரியாத யாரோ அதை எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் எங்களுக்குக் கச்சான் காற்றுக் காலம். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மழையையெல்லாம் மலைநாட்டுக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடும் புழுதியோடும் இங்கே வந்து சேரும். ஒரு மணிக்குத் தெருவில் நாய்கூட நிற்காது. கோட்டைப் பக்கத்து மான்களும் நிழல் தேடிப் படுத்துவிடும். இரவு கடலுக்குப் போனவர் அப்போதுதான் நல்ல நித்திரையில் இருப்பார். சமைத்து முடித்த பெண் கொஞ்சம் சரிகிற நேரமும் அதுதான். அந்த நேரம் ஆறு பேர் ஒரே நிற ரீசேர்ட்டில் படலையில் நின்றால் அவள் என்ன செய்வாள்? எழும்பிக் கதிரை போடுவாள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பிக் கடனுக்கு நெக்டோ சோடா வாங்குவாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்ப அவளுக்கு மனம் வராது. உங்கள் பிள்ளைகள் சந்தோஷமாகக் குடித்துவிட்டு, ஜெபித்துவிட்டுப் போவார்கள். கடைக் கொப்பியில் அந்தக் கணக்கு மாதக் கடைசிவரை இருக்கும்.

வீடு சந்திப்பை ஐந்து மணிக்குப் பிறகு வைக்கலாம். இரண்டு மூன்று பேர் போனால் போதும். உள்ளூர் சபையின் அன்ரி ஒருவர் கூடப் போகட்டும், அவர் கைகாட்டுகிற வீட்டுக்கு மட்டும். சைவ வீடென்றால் வீட்டுக்காரர் கேட்காமல் ஜெபத்தைத் தொடங்க வேண்டாம். இங்கே அதற்குப் பழைய காரணம் உண்டு. கோணேசர் கோயிலை 1622இல் இடித்தவர்கள் போர்த்துக்கேயர், அந்தக் கற்கள் கோட்டைக்குப் போயின என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். யாரும் உங்கள் மகனை அதற்காகக் கோபிக்கப் போவதில்லை. அந்தக் கோயில் இருக்கிற சுவாமி மலைக்கு ஏறுகிற அன்று வசனம் அச்சடித்த ரீசேர்ட்டைப் போடாமல் விட்டால் சரி.

ஞாயிறு ஆராதனைக்கு முதுகுப்பை கொண்டுபோக வேண்டாம் என்று இப்போதே சொல்லி அனுப்புங்கள். 2019 ஈஸ்டர் அன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயத்துக்குக் குண்டைக் கொண்டுவந்தவன் முதுகுப்பையோடுதான் வந்தான். இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். முகம் தெரியாத வாலிபர் பையோடு வாசலில் நின்றால் இன்றைக்கும் சிலருக்கு நெஞ்சு பதறும். ரொறன்ரோவில் தயாரித்த தாளில் இதெல்லாம் வராது.

அப்புறம் பெயின்ற். இதில்தான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். கடற்காற்றுப் படுகிற சுவரை முதலில் சுரண்ட வேண்டும், பிறகு அடிப்பூச்சு, அது காய்ந்த பிறகுதான் மேற்பூச்சு. பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு காலையில் உருளையால் உருட்டிவிட்டுப் போகிற வர்ணம் மாரி மழைக்கு நிற்காது. எனக்குத் தெரிந்த ஒரு முன்பள்ளியில் குழு வரும்போதெல்லாம் அதே முன்சுவருக்குத்தான் பெயின்ற். பின்பக்கக் கூரைத்தகடு ஓட்டையாகவே கிடக்கிறது. நொவம்பரில் பிள்ளைகளின் பாய் நனையும். கூரை படத்தில் வடிவாக விழாது, அதனால் யாரும் தொடுவதில்லை. இந்த இடத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலையே செய்யாமல் பத்து நாள் இருந்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. வேலைதான் வேண்டுமென்றால் ஊரில் ஒரு மேசன் பாஸைக் கூலிக்குப் பிடித்து, அவருக்குக் கீழே பிள்ளைகள் எடுபிடியாக நிற்கட்டும்.

கடற்கரை விளையாட்டு நல்லது. பிள்ளைகளின் டியூஷன் நேரத்தை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புலமைப்பரிசில் எழுதப்போகிற பிள்ளையின் தாய் பந்தைக் கண்டாலே முறைப்பாள்.

உங்கள் மகனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவனைக் குசினிப் பக்கம் விடச் சொல்லுங்கள். இத்தகைய குழு வந்தால் உள்ளூர் வாலிபர் ஐக்கியப் பிள்ளைகள்தான் விடிய எழும்பித் தேங்காய் துருவிச் சம்பல் இடித்து, இடியப்பத் தட்டு அடுக்குவார்கள். வந்தவர்கள் தியானத்தில் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் பேசக் கூச்சம், இவனுக்குத் தமிழ் பேசக் கூச்சம். தேங்காய்த் திருவலைக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தால் கையும் சிரிப்புமாகக் கதை ஓடிவிடும். விடியலில் கரவலை இழுக்கிற கரைக்கும் ஒருநாள் போகட்டும். கயிற்றில் கை வைத்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். உள்ளங்கை உரியும், அவ்வளவுதான்.

சாட்சிக் கூட்டம் சபைக்குள் விஷயம், அதற்குள் நான் வரவில்லை. சுற்றுலா விசாவில் வருகிறார்கள் என்றால் மேடைப் பிரசங்கத்தைப் பற்றி இங்குள்ள போதகரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவாகிக்கொள்வது நல்லது.

அந்தத் தாளை அந்தப் போதகருக்கே அனுப்பி, நேரங்களை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அவர் மரியாதைக்கு "எல்லாம் நல்லாயிருக்கு" என்று பதில் போடுவார். அதோடு விட்டுவிடாமல் இன்னொரு தரம் கேளுங்கள். பத்து நாள் சாப்பாட்டுச் செலவு யார் தலையில் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அதை அவர் தன் வாயால் சொல்லமாட்டார்.