‘இருக்கவில்லை’யா, பறித்தார்களா?

அன்புள்ள ஐயா,
பாடசாலை விவாதத்துக்காக இலங்கை மலையக மக்களின் வாக்குரிமை பற்றி எழுதுகிறேன். வாக்குரிமையைப் பறிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒரு புத்தகத்தில் ‘டிஸ்ஃப்ரான்சைஸ்’ என்றும் இன்னொன்றில் ‘டிஸென்ஃப்ரான்சைஸ்’ என்றும் இருக்கிறது. எது சரி? ‘1977 வரை எங்கள் ஆட்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை’ என்று தொடங்கியிருக்கிறேன். தோட்டப் பாடசாலையில் படிப்பவன், பிழையிருந்தால் மன்னிக்கவும்.
ம., மஸ்கெலியா

அன்புள்ள தம்பி,
இரண்டும் சரி, பொருளும் ஒன்றுதான். முன்னது மூத்தது, இன்று அதிகம் புழங்குவது பின்னது. எழுத்துக்கூட்டும்போது கடைசியில் எஸ் போடுங்கள். ‘ஆர்கனைஸ்’ போன்ற சொற்களுக்கு இசட் போடும் அமெரிக்கர்கூட இதில் போடுவதில்லை. மன்னிப்புக் கேட்ட வரியை நான் வாசிக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

கோபம் வந்தது உங்கள் தொடக்க வரியில்தான். அந்த வினைச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டா ‘இருக்கவில்லை’ என்று எழுதுகிறீர்கள்? பழைய பிரெஞ்சில் ‘ஃப்ராங்க்’ என்றால் சுதந்திரமானவன். ‘என்’ சேர்ந்தால் விடுவிப்பது, வாக்குரிமை கொடுப்பது. அதன்மேல் ‘டிஸ்’ ஏறினால், கொடுத்ததைப் பிடுங்குவது. இப்போது ஒதுக்கப்பட்ட எவரையும் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். அந்த இளக்கம் நமக்கு வேண்டாம்.

1931இல் டொனமூர் அரசியல் யாப்போடு சர்வசன வாக்குரிமை வந்தபோது, தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் வைத்தார்கள். அப்படியும் வாக்குப் போட்டார்கள். 1947இல் நுவரெலியாவிலிருந்து தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது யாருடைய வாக்கு? பிறகு காரியம் இரண்டு படிகளில் நடந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் வழியில், லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பில், பிறந்தவர் பாட்டனின் பிறப்பை எந்தப் பதிவில் தேடுவார்? ‘உங்களிடமிருந்து பறிக்கிறோம்’ என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைதான் வாக்காளர் என்றார்கள். 1952 தேர்தலில் அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. சட்டம் வாய்திறந்து சொல்லாத வினையை அந்த ‘டிஸ்’ சொல்லிவிடுகிறது. நீங்களோ அதை மறுபடி மூடுகிறீர்கள்.

‘இழந்தார்கள்’ என்றும் எழுதாதீர்கள். சம்பளக் காசை எங்கோ தொலைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. ஆங்கிலத்தில் இந்த வினைக்குச் செயப்படுபொருள் ஆள். வாக்கை ‘டிஸென்ஃப்ரான்சைஸ்’ செய்ய முடியாது. தமிழில் பறிபோவது உரிமை. ஆள் ‘இடமிருந்து’ என்ற சொல்லுக்குள் ஒதுங்கிவிடுவார். செய்தவரோ ‘பறிக்கப்பட்டது’ என்பதன் பின்னால் ஒளிந்துகொள்வார். ஆகவே எழுவாயை முன்னால் நிறுத்துங்கள்: ‘1949இல் இலங்கைப் பாராளுமன்றம் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையைப் பறித்தது.’

1977ஐயும் எல்லைக்கல்லாக நடவேண்டாம். அந்த ஆண்டு உங்கள் மஸ்கெலியாவும் சேர்ந்த தொகுதியில் தொண்டமான் மறுபடி வென்றார், உண்மை. ஆனால் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 1988இலும் 2003இலும் தனித்தனியே சட்டம் போடவேண்டியிருந்தது.